தோணியில் எழுதிய கல்லறை எழுத்து

கல்லறைகளில் பார்த்த எழுத்தைத் திருடி, என் கணவரின் தோணியில் எழுதினேன். சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கோட்டைக்குப் படகோட்டியவர் என் நைனா. அதனால்தான் கோட்டைப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றேன். பள்ளிக்குப் போகும் வழியில் அவர்களுடைய இடுகாடு. அங்கே கற்களில் எழுத்துகள் கொடியாகச் சுருண்டு, இலையாக விரிந்து, மீன் குஞ்சுகளைப் போல வால் நெளித்து விளையாடும். எல்லாம் இறந்தவர்களின் பெயர்கள். தெரிந்தேதான் பார்த்தேன். அவ்வளவு அழகு!

பெயர் எழுதிய கப்பல்களைக் கண்டு என் கணவருக்கும் ஆசை வந்தது. புதுத் தோணிக்குப் பெயர் எழுதச் சொன்னார். காவியை எண்ணெயில் குழைத்து ‘செல்லி’ என்று எழுதினேன். ‘செ’யின் கொம்பைக் கொடியாகச் சுருட்டினேன். ‘லி’யின் சுழிக்கு இறால் மீசை வைத்தேன். குப்பமே கூடி நின்று ரசித்தது.

“எங்க பாத்தே இத?” என்று அவர் கேட்டார். கப்பலில் போகும் பூப்போட்ட துணியில் என்றேன்.

இடுகாட்டுக்குப் போனவர்கள் தலைமுழுகாமல் தோணியைத் தொடக் கூடாது, எங்கள் குப்பத்தில். நான் முழுகினேன். எழுத்துகள் முழுகவில்லையே...

நாத்தனாரின் கணவர் தன் தோணிக்கும் அதே எழுத்து வேண்டும் என்று வந்து நின்றார். மறுக்க என்ன காரணம் சொல்வேன்? எழுதினேன்.

ஐப்பசிக் காற்றில், ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் அவருடைய தோணி கவிழ்ந்தது. அவர் திரும்பவில்லை. பெயர்ப் பலகை மட்டும் கரை ஒதுங்கியது. சாயம்கூடக் கலையவில்லை!

காற்றுதானே காரணம்? மழைக்காலத்தில் எந்த வருடம் தோணி கவிழாமல் இருந்தது? இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்வேன். என் கணவர் வலையைத் தோளில் போட்டதும் எல்லாம் கரைந்துவிடும். அவர் தோணியிலும் அதே எழுத்துதானே... அழித்துவிட்டுச் சாதாரணமாக எழுதித் தருகிறேன் என்று ஒருநாள் கெஞ்சினேன்.

“இன்னாமே நீ, இந்த எழுத்தப் பாக்கத்தான் மீனே வருது” என்று சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாமலே இருந்து இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மடியில் கிடக்கும் பிள்ளைக்கு என்ன பதில் வைத்திருக்கிறேன்?

இன்று காலை நாத்தனார் வந்தாள். விளக்கடியில் வைத்துக் கும்பிடும் அந்தப் பலகையை மார்போடு அணைத்திருந்தாள்.

“அண்ணி, எழுத்து மங்கிப் போச்சு. நீயே எழுதிக் குடு. வேற யாரு எழுதினாலும் அது அவரு தோணியா இருக்காது.”

சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன். காவி குழைத்து வருகிறேன் என்றேன்.

கொடியைச் சுருட்டும்போது என் கை நடுங்கவேயில்லை. அதுதான் எனக்கு இப்போது பெரிய பயம்... வெளியே என் கணவர் தோணியைத் தண்ணீரில் தள்ளும் சத்தம் கேட்டது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.