நீங்கள் விழுந்தால் முதலில் யார் வருவார்?

ஒரு மாதம் இருக்கும். இளங்கோ ஒரு கட்டுப் பேப்பரோடு கடலூரில் என் வீட்டுக்கு வந்தான்.

இளங்கோ என் சித்தி மகன். சிதம்பரத்தில் அரசு உத்தியோகம். முதியோருக்காக அரசாங்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் தயாராகிறது. அதற்கான கணக்கெடுப்பு வேலை அவன் தலையில்.

"யக்கா, நீ பத்திரிகையில எழுதுறவ. இந்த ஃபார்ம்ல இருக்கிற தமிழ மனுஷங்களுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடேன்."

வாங்கிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு கேள்விகள். 'தாங்கள் தனித்து வாழும் முதியவரா? ஆம் / இல்லை.' 'தாங்கள் அன்றாடச் செயல்பாடுகளில் பிறரைச் சார்ந்துள்ளீரா?' ஒரு வயதானவரிடம் இதை வாசித்தால், ஏதோ கோர்ட் கேஸ் என்று பயந்துவிட மாட்டாரா?

"வீட்ல உக்காந்து திருத்த முடியாதுடா. நாலு பேர்கிட்ட கேட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

கிளம்பினோம். பரங்கிப்பேட்டையில் ஒரு சின்ன சந்து. ஏன் அந்த ஊர்? பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டில். வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் பெற்றவர்கள்தான்.

முதல் வீட்டில் ஜமால் பாய். எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்து ஆறு வருடம். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார்.

இளங்கோ ஆரம்பித்தான். "பாய், நீங்க தனியாவா இருக்கீங்க?"

"தனியாவா? யாரு தம்பி சொன்னது? அதோ உக்காந்திருக்கான் பாருங்க எம்புள்ள!"

திரும்பிப் பார்த்தோம். பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு செல்போன். திரையில் முப்பத்தைந்து வயது முகம்... துபாயில் ஒரு கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே.

"அஸ்ஸலாமு அலைக்கும். யாரு வாப்பா வந்திருக்காங்க?"

வேலை நேரத்திலும் அந்த வீடியோ கால் ஓடிக்கொண்டே இருக்குமாம். பேச வேண்டும் என்றில்லை. அப்பா பேப்பர் படிப்பார். மகன் பெட்டி பிரிப்பான்.

இளங்கோவின் பேனா 'ஆம்'க்கும் 'இல்லை'க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"தனியாதான்னு போடுங்க சார்" என்றான் மகன். பெயர் நவாஸ். "மழைக்காலத்துல வாப்பா விழுந்தப்போதான் எனக்கே அது புரிஞ்சுது."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அத எதுக்குடா இப்போ..."

நவாஸ் நிறுத்தவில்லை.

"ஈரக் காலோட வந்தாங்க சார். வழுக்கிடுச்சு. அவ்ளோதான்... ஸ்கிரீன்ல ஒரு காலு மட்டும் தெரியுது. ஆடாம கெடக்கு. வாப்பா வாப்பான்னு கத்துறேன், பதிலே இல்ல. யாருக்குப் போன் பண்றது? என் ஃப்ரெண்டு ஒருத்தன் சிங்கப்பூர்ல. ஒருத்தன் சவூதில. எங்க செட்டுல ஊர்ல ஒருத்தன்கூட இல்ல சார்!"

ஜன்னல் திறந்திருந்ததுதான் அதிர்ஷ்டம். போனிலிருந்து அவன் போட்ட கூச்சல் சந்து வரைக்கும் கேட்டிருக்கிறது. உள்ளே ஓடி வந்தவர் மூன்றாவது வீட்டு ரோஸ்மேரி டீச்சர்.

ஓடி வந்தவர் என்று எழுதிவிட்டேன். டீச்சருக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவர்.

எங்கள் பேச்சுக்குரல் கேட்டு அவரும் வந்துவிட்டார். "தூக்கப் பாத்தேம்மா, முடியல. அப்புறந்தான் அவர் தலைக்கு ஒரு தலகாணி வச்சிட்டு, பக்கத்துலயே தரையில உக்காந்துகினேன். எதிர்வீட்டு ராமலிங்கத்துக்குப் போன் போட்டேன். அவருக்கு அறுபத்தொம்போது. அவர் போயி ஆட்டோ புடிச்சாரு. அது வரைக்கும் பாய் கையப் புடிச்சிக்கினு இந்தப் போன்ல இவன்கிட்ட பேசிக்கிட்டே இருந்தேன். இவன்தான் ஜாஸ்தி அழுதான்."

துபாயில் நவாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

இடுப்பு எலும்பு முறிவு. சிதம்பரத்தில் ஆபரேஷன். அதன் பிறகுதான் வாக்கர்.

பிறகு இளங்கோ ஃபார்மை ஓரமாக வைத்துவிட்டு, அதில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டான்.

"டீச்சர், நீங்க விழுந்தா முதல்ல யார் வருவாங்க?"

டீச்சர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு வாக்கரையும் பாயையும் பார்த்துச் சிரித்துவிட்டார். "இவருதான் வரணும்!"

பாயும் சிரித்தார். "வருவேன் டீச்சர். என்ன, கொஞ்சம் லேட்டாகும்."

அன்றைக்கு அந்தச் சந்து முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டோம். ராமலிங்கம் டீச்சர் பெயரைச் சொன்னார். கடைசி வீட்டு அம்மா ராமலிங்கத்தைச் சொன்னார். எல்லோரும் யாரோ ஒருவரைச் சொன்னார்கள். அந்த 'யாரோ'வில் ஒருவருக்குக்கூட அறுபத்தைந்துக்குக் கீழே வயதில்லை.

நாம் முதியோர் திட்டம் என்றால் என்ன நினைக்கிறோம்? ஒரு பக்கம் கவனிக்கப்பட வேண்டிய வயசாளிகள், இன்னொரு பக்கம் கவனிக்கிற இளசுகள். அந்த இன்னொரு பக்கம் காலியாகிக்கொண்டே வருகிறதே... அதைக் கணக்கில் எடுத்தோமா? ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை போதும் என்றோம். நன்றாகப் படி என்றோம். நல்ல வேலைக்குப் போ என்றோம். பிள்ளைகள் நாம் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். குற்றம் யார் மேல்?

மறுநாள் இளங்கோ தன் மேலதிகாரி அம்மாவிடம் போய், இந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறான்.

"இதுக்கு எந்த டிபார்ட்மென்ட் பதில் சொல்லும் இளங்கோ?" என்று கேட்டாராம் அந்த அம்மா. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு துறை உண்டு. கட்டடத்துக்கு ஒரு துறை உண்டு. பக்கத்து வீட்டுக்கு எந்தத் துறை?

இவன் விடவில்லை. டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லியிருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவர் ஃபார்மைத் தன் பக்கம் இழுத்து, 'வீட்டில் தொலைக்காட்சி உள்ளதா?' என்ற கேள்வியை அடித்துவிட்டு, "அந்த எடத்துல போடுங்க" என்றாராம்.

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் ஃபார்ம் கதை. ரோஸ்மேரி டீச்சர் முடியவிடவில்லை. இளங்கோவுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார் – "கேள்வி கேட்டுக்கினு போயிட்டீங்க. சரி. விழுந்தவங்கள எப்படித் தூக்கணும், எப்பத் தூக்கக்கூடாதுன்னு யாரு தம்பி எங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க?"

போன சனிக்கிழமை காலை, அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்திருந்தார். சுற்றிலும் இருபது பேர், எல்லாம் நரைத்த தலை. விழுந்தவராகத் தரையில் படுத்திருந்தவன் நம் இளங்கோ. நல்ல கனமான உடம்பு.

"முதல்ல தூக்காதீங்க. பேசுங்க. எங்க வலிக்குதுன்னு கேளுங்க. காலை அசைக்க முடியலன்னா அப்படியே விடுங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. எந்திரிக்க முடியும்னா மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்க" என்று பிசியோ சொல்லச் சொல்ல, டீச்சர் செய்தார். நாற்காலியின் மேல் கையை ஊன்றவைத்து, ஒரு முட்டியை மடக்கச் சொல்லி... மூன்றாவது முயற்சியில் இளங்கோ எழுந்து உட்கார்ந்தான். கைதட்டல்! பாய் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். துபாயிலிருந்தும் ஒரு கைதட்டல் கேட்டது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. ஆஸ்பத்திரியும் வேண்டும், ஆளும் வேண்டும், பெரிய பெரிய திட்டங்களும் வேண்டும். ஆனால் அவை வந்து சேரும் வரை, தலைக்குத் தலையணை வைக்க ஒரு ஆள் வேண்டுமே.

நேற்று கணக்கெடுப்பு கடலூரில் என் தெருவுக்கே வந்துவிட்டது. எனக்கும் அறுபத்திரண்டு ஆகிறது. வீட்டில் நான் மட்டும்தான். ஃபார்மோடு வந்த பெண், நானே திருத்திக் கொடுத்த தமிழில் கடகடவென்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நீங்க விழுந்தா முதல்ல யார் வருவாங்க மேடம்?"

மகள் பெயரைச் சொன்னேன்.

"எங்க இருக்காங்க?"

"பெங்களூர்ல."

அந்தப் பெண் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி, மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினோரு வருடமாக அதே எதிர்வீடு... அந்த அம்மாவின் பெயரை நேற்றுத்தான் கேட்டேன்.