யாங்கூனிலிருந்து பகோவுக்கு எண்பது கிலோமீட்டர்

போன கார்த்திகையில் எட்டு நாட்கள் பர்மாவுக்குப் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. லண்டன் பிளேஸ்டோவில் என் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளியிருக்கும் சேகர் பர்மாத் தமிழர். அகதி வழக்கு முடியாததால் ஊருக்குத் திரும்ப முடியாதவர். பகோவில் இருக்கும் தாய்க்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, மருந்தையும் புதிதாகப் பிறந்த பேத்தியின் படங்களையும் கையிலேயே கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தந்த தைரியத்தில் நான் ஒத்துக்கொண்டேன்.

"யாழ்ப்பாணத்தில ஆமிக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இப்ப ஆமி ஆளுற நாட்டுக்கு டிக்கெட் போட்டுப் போறார்," என்றாள் மனைவி.

விசா இணையத்தில் ஐம்பது டொலர். ஹீத்ரோவிலிருந்து பாங்கொக் வழியாகப் போய்வர 790 பவுண், ஒரு வழிக்குப் பத்தொன்பது மணி நேரம். யாங்கூனில் கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் நாலு மணி நேரம் போகும். டோர்ச் கொண்டுபோங்கள்.

யாங்கூனில் இறங்கிய மறுநாள் காலை ஏழரைக்குச் சேகரின் தம்பி மோகன் காருடன் வந்தார். இருபத்தேழு வயது, ஒரே சிரிப்பு. பகோவுக்கு இரண்டு மணி நேர ஓட்டம்.

"ஆர்மிக்கு ஆள் பிடிக்கிறாங்க அண்ணே. எங்க வயசுக்காரங்க யாரும் வெளிய தலை காட்டறதில்ல. அண்ணன் அனுப்புன ஆளுன்னுதான் வந்தேன்," என்றார்.

எட்டே முக்காலுக்குச் சோதனைச்சாவடி வந்தது. முன்னால் போன மூன்று வண்டிகளையும் நிறுத்தாமல் கையசைத்து விட்டார்கள். எங்கள் கார் வேகம் குறைந்தது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சாவடி என்றால் கேட்க முதலே இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டும். இறங்கத் தாமதித்தால் அடி விழும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். முப்பது வருடம் கழித்தும் என் கை கதவைத் திறந்துவிட்டது.

"அண்ணே, இறங்காதீங்க!" என்று மோகன் கத்தியபோது என் ஒரு கால் வீதியில் இருந்தது.

துப்பாக்கி நிமிர்ந்தது. மோகனையும் இறக்கினார்கள். அவருடைய போனில் முகநூல் பார்க்கும் வி.பி.என். இருந்தது. தடைசெய்யப்பட்டதுதான், ஆனால் அங்கே யாரிடம்தான் அது இல்லை? என் பாஸ்போர்ட்டை மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். மோகனை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

"அம்மாகிட்ட போங்க அண்ணே," என்றார். அவ்வளவுதான்.

வேறொரு வண்டியில் பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். தாய் படத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "மோகன் வண்டிய நிறுத்திட்டு வர்றானா தம்பி?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

தாயின் பக்கத்து வீட்டுக்காரருடன் மூன்று நாள் இராணுவ முகாம் வாசலில் நின்றேன். நாலாம் நாள், பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இன்றுவரை தெரியாது.

போகத் திட்டமிடுபவர்களுக்குச் சொல்கிறேன்: போகாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டுமென்றால் இளவயதுக்காரரை வண்டி ஓட்ட வைக்காதீர்கள். சாவடியில் சொல்லும்வரை அசையாதீர்கள். பாஸ்போர்ட் உங்களை மட்டும்தான் காப்பாற்றும், பக்கத்தில் இருப்பவரை அல்ல.

திரும்பி வந்த அன்றே சேகரின் கதவைத் தட்டினேன். தாய் போனில் சொல்லியிருந்தார். சேகர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவனுங்க இறங்கச் சொன்னானுங்களா அண்ணே?"

"ஓம்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்வீங்க, பாவம்," என்றார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல்தான் இதை எழுதுகிறேன். என் பதிவுகளை அவர் தவறாமல் வாசிப்பார்.

சேகர், அவர்கள் சொல்லவில்லை. நானாகத்தான் இறங்கினேன்.