தொட்டில் கட்ட ஓர் இடம்

என் மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டுதான் பனியன் கம்பெனி வேலைக்குப் போனேன். மடத்துக்குளத்துப் பக்கம் கரும்பு வெட்டும் களையெடுப்புமாகப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்துக் கிணறுகள் வற்றின. நானும் என் வீட்டுக்காரரும் அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்தோம். ஒரே சுவரில் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகள், முன்னால் பொதுக் குழாய். அவருக்கு நூல் குடோனில் மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. எனக்குச் செக்கிங். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் எடுத்துத் தனியாகப் போட வேண்டும்.

குழந்தையை விட்டுவர ஆள் இல்லை. மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, கட்டிங்கில் கழிந்த துண்டுத் துணிகளை மெத்தையாகப் பரப்பி, அதில் அவளைப் படுக்கவைத்திருந்தேன். இருபுறமும் நின்ற பெண்கள் கால்களால் மறைத்துக்கொண்டார்கள். தையல் மிஷின்களின் இரைச்சலில் அவள் நன்றாகவே தூங்கினாள். மிஷின்கள் நின்றால்தான் விழித்துக்கொள்வாள்.

ஒருநாள் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தார். அவர் பேசுவதற்காக எல்லா மிஷின்களையும் நிறுத்தினார்கள். அந்த அமைதியில் என் மகள் வீறிட்டு அழுதாள்.

பையர் சிரித்தபடி போய்விட்டார். சூப்பர்வைசர் போகவில்லை. "ஏனுங்க, இது கம்பெனிங்களா, பிரசவ ஆஸ்பத்திரிங்களா? கொழந்தையா வேலையான்னு முடிவு பண்ணீட்டு நாளைக்கு வாங்க" என்றார்.

"கொழந்தைய எங்க விடறதுன்னும் சொல்லீருங்க சார். விட்டுப்போட்டு வர்றேன்" என்றேன்.

"அது உங்க ஊட்டுப் பிரச்சினைங்க."

பெட்டியிலிருந்து மகளை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் வழியாகவே நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். உள்ளே நூற்றுக்கணக்கான பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருக்காவது எங்கோ ஒரு குழந்தை இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறை அக்கா வந்தார். அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைப்பவர். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். கணவர் இறந்தபின் தனியாக இங்கே வந்திருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அறைக்குள் வந்ததும் என் மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குளா அழுத?"

"அழுகலீங்க்கா. கோவமுங்க."

"கோவம் நல்லதுதான். அழுதா ஒடம்புதான் கெடும்." கொஞ்சநேரம் குழந்தையின் காலை வருடிக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு பய இருக்கான், தெரியுமா? ஊர்ல அம்மைகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். கிறிஸ்மஸுக்கும் மே மாச லீவுக்கும் போய்ப் பாக்கேன். போன தடவை போனப்போ என்னைப் பாத்துட்டு, அம்மை பொறத்தால போயி ஒளிஞ்சுக்கிட்டான்."

அத்தனை மாதங்களாக ஒரே சுவருக்கு அப்பால் வாழ்ந்தவருக்கு ஒரு மகன் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். வெளியில் சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் வந்ததில்லை போலும்.

வேறு கம்பெனிக்குப் போனாலும் இதே பதில்தான் கிடைக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. வேலை வீட்டுக்கு வந்தால் ஒழிய வழியில்லை. நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் மிஷின் மெக்கானிக் ஒருவரின் கடைக்குப் போனோம். மூலையில் துருவேறிய பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று கிடந்தது. பழைய இரும்புக்குப் போட வைத்திருந்தார்.

"இது ஓடுமுங்களா?" என்று கேட்டேன்.

"ஓட வெச்சா ஓடுமுங்க. ஆனா யாரு ஒக்காந்து வெக்கறது?"

"நீங்க வெய்யுங்க. நாங்க ஓட்டறோம்."

ஏலச்சீட்டு எடுத்து அதை வாங்கினோம். என் வீட்டுக்காரர் மிஷினின் தலைப்பகுதியைச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். வழி நெடுக, "உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா புள்ள?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தெரியாது என்றேன். அவருக்கு வியர்த்ததற்கு மிஷினின் கனம் மட்டும் காரணமில்லை.

விட்டத்தில் தொட்டில், அதற்குக் கீழே மிஷின். பகலில் கழிவுத் துணியில் தைத்துப் பழகினேன். ஷிப்ட் முடிந்து அக்கா வந்ததும் கோணல் போன இடங்களைக் காட்டித் திட்டுவார். "நேரா போளா, மாடு மேச்சுக்கிட்டா போற?" என்பார். கை பழகியதும், பெரிய கம்பெனிகளிடமிருந்து துணி வாங்கிச் சின்ன யூனிட்டுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் போய் நின்றோம். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒரு லாட் துணியை எங்களுக்குக் கொடுத்தார். பிறந்த குழந்தைகளுக்கான சட்டை. அளவு சின்னது, வளைவு அதிகம், தைக்க நேரம் பிடிக்கும். அதனால்தான் எல்லோரும் தள்ளிவிட்டிருந்தார்கள்.

தைத்து முடித்துக் கட்டும்போது ஒரு சட்டையை எடுத்துத் தோளில் இழுத்துப் பார்த்தேன். செக்கிங்கில் நின்ற பழக்கம். தையல் பிரிந்தது. இன்னொன்றை இழுத்தேன். அதுவும் பிரிந்தது. மிஷினின் ஏதோ ஒரு பகுதி தேய்ந்திருந்தது, எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

கான்ட்ராக்டர் வேனோடு வந்து வாசலில் நின்றார். "அட, வெளிநாட்டுல எந்தக் கொழந்தைங்க தோளப் புடிச்சு இழுக்கப் போகுது? ஏத்துங்க" என்றார்.

"எல்லாக் கொழந்தையும் இழுக்குமுங்க. சட்டை போட்டு உட்டுப் பாருங்க, தெரியும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, தர்றேன்."

"இனிமே உங்களுக்கு வேலையே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுக் காலி வேனோடு போனார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் கத்திரியை எடுத்து ஒரு சட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து குழாயடியில் உட்கார்ந்து பிரித்தார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு மிஷினைச் சரிசெய்து, மறுநாள் முழுக்க மறுபடியும் தைத்தோம். சொன்ன நேரத்துக்குச் சட்டைகள் தயாராக இருந்தன. கான்ட்ராக்டர் எண்ணி வாங்கிப் போனார். இரண்டு வாரம் எந்தத் தகவலும் இல்லை. அதன்பின் அவரிடம் வந்த குழந்தைத் துணி எல்லாம் எங்கள் வாசலுக்கே வந்தது.

அப்படித்தான் வளர்ந்தோம். அக்கா கம்பெனியை விட்டு நின்றார். ஓர் அறை இரண்டு அறையானது. பிறகு ஓட்டு ஷெட், அதற்கும் பிறகு சிமென்ட் ஷீட் போட்ட பெரிய ஷெட். என் வீட்டுக்காரர் மூட்டை தூக்குவதை விட்டுக் கட்டிங் கற்றுக்கொண்டார். மின்வெட்டு தினசரி வழக்கமான வருடங்களில் பல யூனிட்டுகளை மூடினார்கள். நாங்கள் கரண்ட் இருக்கும் நேரத்துக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு தாக்குப்பிடித்தோம். எங்கள் யூனிட்டில் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு ஷெட்டின் ஓரத்தில் தொட்டில் கட்ட இடம் விட்டிருந்தேன். அதுவே பெரிய காரியம் என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. நடக்கத் தொடங்கிய குழந்தைகளை மிஷின்களுக்கு நடுவில் விட முடியாது. அவர்களைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை.

பீகாரிலிருந்து வந்த ஒரு பெண் எங்களிடம் கைமடி வேலை செய்தாள். தையலுக்கு முன் துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. தமிழில் "சரி", "போதும்" என்ற இரண்டு சொற்களைச் சொல்லுவாள், அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் மதியம், வெளியே டீ வாங்கப் போனவர் ஓடிவந்து, பின் தெரு லைன் வீட்டில் புகை வருகிறது என்றார். அந்தப் பெண் துணியைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"பச்சா அந்தர் ஹை! பச்சா அந்தர்!"

குழந்தை உள்ளே இருக்கிறது. மூன்று வயது மகனை அறையில் பூட்டிவிட்டுத்தான் அவள் தினமும் வந்துகொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் ஓடினோம். பக்கத்து அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றித் துணிகள் எரிந்துகொண்டிருந்தன. புகை ஓட்டுக்கு அடியில் புகுந்து அவள் அறையை நிறைத்திருந்தது. அவள் பூட்டில் சாவியைச் செருகிச் செருகிப் பார்த்தாள், திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் தோளால் மோதிக் கதவைப் பெயர்த்தார். பையன் கட்டிலுக்கு அடியில், தரையோடு முகத்தை ஒட்டிப் படுத்திருந்தான். தூக்கியதும் இருமினான். 

தீயை அணைத்தோம். அந்த வரிசையில் மற்ற கதவுகளையும் பார்த்தேன். பல கதவுகளில் பூட்டு. ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு குழந்தைகள் எங்களை வேடிக்கை பார்த்தன. அவர்களின் அம்மாக்கள் வேறு வேறு கம்பெனிகளில் இருந்தார்கள்.

அப்போது இரண்டாவது யூனிட்டுக்காகப் பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கூரை போட்டாயிற்று. அன்று வீட்டில் அக்காவும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"அந்தக் கட்டடத்துல மிஷின் வேண்டாங்க. கொழந்தைகளுக்கு உட்டறலாம். நம்ம கம்பெனிக் கொழந்தைக மட்டுமில்ல, இந்த வீதியில யாரு வந்தாலும்."

வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "மிஷினுக்குச் சொல்லியாச்சு புள்ள. ஆர்டர் ஒத்துக்கிட்டாச்சு."

"ஆர்டரு இருக்கற ஷெட்டுல முடிஞ்ச வரைக்கும் எடுக்கலாம். வளர்றது ரெண்டு வருசம் தள்ளிப் போகுமுங்க. போகட்டும்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா எங்களோடு கூட்டாளி, அவர் சொல்லும் பேச்சுக்கு அந்த வீட்டில் எப்போதும் மதிப்பு உண்டு. 

"எம் பயலுக்கு இப்போ பத்து வயசு முடிஞ்சிட்டு," என்றார் அக்கா. "அவனுக்கு இனி இது தேவைப்படாது. ஆனா கட்டு. நானே பாத்துக்கிடுதேன்."

கட்டியதைவிட நடத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்துக் கம்பெனி முதலாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். "ஏனுங்கம்மா, உங்களப் பாத்து எங்க பொம்பளைங்களும் எங்ககிட்டக் கேப்பாங்கல்லங்க?" என்றார் ஒருவர். "கேக்கட்டுமுங்க. கேட்டா இங்க அனுப்பி வெய்யுங்க, காசு வேண்டாம்" என்றேன். வீதிக்காரர்கள் சிலர், வடநாட்டுக் குழந்தைகளை நம் குழந்தைகளோடு சேர்த்து உட்காரவைக்காதீர்கள் என்றார்கள்.  அன்றிலிருந்து மதியச் சோற்றை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பந்தியில் போடச் சொன்னேன்.

எதிர்ப்பைவிட என்னை வாட்டியது, கதவைத் திறந்து வைத்தும் யாரும் வராததுதான். முன்பின் தெரியாதவர்களிடம் பிள்ளையை விட யாருக்குத் துணிச்சல் வரும்? பீகார்ப் பெண்ணின் மகன் மட்டும் அந்தப் பெரிய கூடத்தில் தனியாக ஒரு பந்தோடு உட்கார்ந்திருந்தான். அக்கா லைன் வீடு லைன் வீடாகப் போனார். "நீயே வந்து ஒருநாள் பூரா உக்காந்து பாரு. பிடிக்கலேன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிரு" என்று ஒவ்வொரு தாயிடமும் சொன்னார். அப்படி வந்து உட்காருபவர்களுக்கு அன்றைய கூலியை நான் கொடுத்தேன். ஒருத்தி வந்தாள், பிறகு அவள் தங்கை வந்தாள். ஆடிக்கும் தீபாவளிக்கும் இடையில் கூடம் நிறைந்துவிட்டது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர் தானாகவே தட்டும் டம்ளரும் கொண்டுவந்து இறக்கினார். அவர் பட்டறைப் பெண்கள் யாரும் இவ்வளவு தூரம் வர முடியாது. கேள்விப்பட்டேன், கொண்டுவந்தேன் என்றார்.

அடுத்த மே மாதம் அக்காவின் மகன் வந்தான். இங்கேயே பள்ளியில் சேர்த்தோம். அவன் அக்காவை அம்மா என்றுதான் கூப்பிட்டான். ஆனால் பசித்தால் கேட்கமாட்டான், காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டான். விருந்தாளி போல் மரியாதையாக இருந்தான். அக்கா ஒருமுறை, "நல்ல பய. என்கிட்ட எதுக்கும் அடம் பிடிக்க மாட்டேங்கான்" என்றார். அவர் எதை இழந்தார் என்பது அந்தப் பேச்சில் எனக்குத் தெரிந்தது. எத்தனை கட்டடம் கட்டினாலும் அதைத் திருப்பித் தர எங்களுக்கு வழியில்லை.

இடம் போதாமல், வந்த தாய்மார்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அருள்புரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய கம்பெனியின் பழைய குடோன் சும்மா கிடந்தது. அதன் முதலாளியைப் பார்க்கப் போனேன். யோசிப்போம் என்றார். மறுபடி போனேன், வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். அவர் உள்ளே போனார், வெளியே வந்தார், சாப்பிடப் போய்த் திரும்பினார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"உங்களுக்குக் கம்பெனி இல்லீங்களா? வேலை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. எல்லாத்தையும் ஒருத்தர்கிட்டச் சொல்லீட்டுத்தான் வந்திருக்கறேன். நாளைக்கும் வர்றதுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன்."

சிரித்துவிட்டார். "பாதிக் குடோனு போதுமுங்களா?"

"பூராவும் வேணுமுங்க. உங்க கம்பெனிக் கொழந்தைகளே பாதிக்கு மேல இருக்குதுங்க."

அவர் அதை அதுவரை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடோனைத் திறந்தோம். சுவரிலும் கூரையிலும் பல வருடப் பஞ்சுத் தூசி கம்பளி போல் படிந்திருந்தது. நானும் அக்காவும் பீகார்ப் பெண்ணும் தாய்மார்களும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு உள்ளே இறங்கினோம். என் வீட்டுக்காரர் ஏணி மேல் நின்று, கூரையின் இரும்புச் சட்டங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"தாங்குமுங்களா?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

"எத்தனை தொட்டில் வேணும்னு சொல்லு" என்றார்.