காதுக்குள் வந்த மாரியூர்

காலை பத்து மணிக்கு மதுரை பழங்காநத்தத்திலிருந்து எங்கள் வேன் கிளம்பியது. ஓட்டியவர் பாஸ்கர் அண்ணன். எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பது, ஆட்களை மேய்ப்பது, வேன் ஓட்டுவது எல்லாம் அவர்தான். சம்பளம் மட்டும் ஒன்று என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். பின்னால் டிரம் பேடு, தபேலா, கிதார் வாசிக்கும் மூவர். முன் சீட்டில் நான், பாட்டுக்காரி. மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதை இறக்கி வைக்கச் சொல்லி பாஸ்கர் அண்ணன் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

அந்தப் பெட்டியில் என் பிழைப்பு இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் மேடையில் பாடுகிறேன். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வேண்டும் என்று காலடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைப்பார்கள். டிரம் சத்தத்தில் அது கேட்காது. இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று கையைக் காட்டிக் காட்டியே என் காதை நான் கெடுத்துக்கொண்டேன். போன வருடத்திலிருந்து இடது காதில் சில்வண்டு கத்துகிறது, பகலும் இரவும். டாக்டர் சோதித்துவிட்டு, "கொஞ்சம் போயிருச்சும்மா, போனது வராது. மிச்சத்தைக் காப்பாத்தணும்னா மேடையை விடுங்க. இல்லேன்னா இந்த மாதிரி காதுக்குள்ள வைக்கிற மானிட்டர் போட்டுப் பாருங்க" என்றார். என் காதுக் குழியை அச்செடுத்துச் செய்த இரண்டு குமிழ்கள், இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சின்ன ரிசீவர். வெளிச் சத்தத்தை அடைத்துவிட்டு, நமக்கு வேண்டியதை மட்டும் குறைந்த சத்தத்தில் கொடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறப்போவது அன்றுதான் முதல் தடவை. சரிப்பட்டு வராவிட்டால் பாட்டை விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பரமக்குடி. டீ பதினைந்து ரூபாய், வடை பத்து. வடை சூடாக இருந்ததால் விலையை மன்னித்தோம். அங்கிருந்து தெற்கே திரும்பி முதுகுளத்தூர், கடலாடி. இரண்டு பக்கமும் கருவேலம், நடுநடுவே கரி மூட்டம் போட்ட புகை. சாயல்குடி தாண்டியதும் பனைகள் கூடின, காற்றில் உப்பு ஏறியது. மூன்று மணிக்குள் மாரியூர் பக்கத்து மீனவர் குடியிருப்பு ஒன்றில் இறங்கினோம். மதுரையிலிருந்து ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். அம்மன் கோயில் பொங்கல். மேடைக்குப் பின்னால் கடல், கரையேற்றிய வள்ளங்கள். எதிரே கோயிலும் பந்தலும்.

சவுண்டு சர்வீஸ் கீழக்கரைக்காரர் ஜாகிருடையது. நாற்பது வயது இருக்கும். துபாயில் ஒரு ஹோட்டல் மேடையில் பன்னிரண்டு வருடம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பார்த்தவர், இப்போது ஊரோடு வந்து சொந்தமாகத் தொழில் செய்கிறார். என் பெட்டியைத் திறந்ததுமே முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நல்ல சாமான் வச்சிருக்கீக. உங்க ஆளுக நாலு பேருக்கும் நான் வயர் போட்ட காதுக் குமிழ் குடுத்துர்றேன். காலடிப் பெட்டியே வேணாம். உங்களுக்கு முதல்ல என்ன வேணும், சொல்லுங்க."

"என் குரல் மட்டும் போதும் தம்பி."

"எல்லாரும் முதல்ல இதத்தான் கேப்பாக" என்று சிரித்தபடி மிக்ஸருக்குப் போனார்.

ஐந்து மணி. குமிழ்களைக் காதில் திருகிப் பொருத்தினேன். உலகம் சட்டென்று அணைந்தது. அலை இல்லை, ஜெனரேட்டர் இல்லை. பாடிப் பார்த்தேன். என் குரல் அத்தனை பக்கத்தில் கேட்டது. மூச்சு இழுப்பதுகூடத் தெரிந்தது. எங்கே சுருதி இறங்குகிறேன் என்பதும் தெரிந்தது; அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம். இரண்டாம் வரியில் ஓர் ஆண்பிள்ளை என் காதுக்குள் செய்தி வாசிக்கத் தொடங்கினார். பாஷை புரியவில்லை. திடுக்கிட்டு நின்றுவிட்டேன்.

ஜாகிருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ரிசீவரை வாங்கித் தன் ஹெட்போனைச் செருகிக் கேட்டுப் பார்த்தார். "சிலோன் டிவி அக்கா. வெயில் தாழ்ந்தா கடலத் தாண்டி வந்துரும். உங்க அலைவரிசையில அவுக குந்தியிருக்காக. நாம கொஞ்சம் நகண்டுக்கிருவோம்." பத்து நிமிடத்தில் காலியான ஓர் அலைவரிசையைத் தேடிக் கொடுத்தார். செய்தி வாசித்தவர் போய்விட்டார். ஜாகிர் மட்டும் இல்லாவிட்டால் அம்மன் பாட்டுக்கு நடுவே அந்தச் செய்திக்காரர் வானிலை அறிக்கை சொல்லியிருப்பார்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. முதல் பாட்டு அம்மன் பாட்டு. கஷ்டமே இல்லாமல் பாடினேன். கத்தவில்லை, கையைக் காட்டவில்லை. மேடைக்கு இடப்பக்கம் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு கண்ணில் அடித்ததால் முகம் தெளிவாகத் தெரியவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கதை பேசுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் பாட்டில் அந்த வாய்களும் மூடிக்கொண்டன. பாட்டு முடிந்தால் எனக்குக் கேட்டது வெறும் அமைதி. எத்தனையோ ஊரில் பாடியிருக்கிறேன், இப்படி ஒரு சனத்தைப் பார்த்ததில்லை. குரல் சரியாக இருக்கிறது, சுருதி சரியாக இருக்கிறது, ஆனால் குளியலறையில் தனியாகப் பாடுவதுபோல் இருந்தது. இதற்காகவா பாட வந்தோம் என்று தோன்றியது.

மூன்றாம் பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் மேடை ஓரத்துக்கு வந்து கையை நீட்டிப் பேசினாள். ஐம்பது வயது, நல்ல உயரம். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. வலது குமிழை எடுத்துவிட்டுக் குனிந்தேன்.

"ஏத்தா, ஆத்தா பேரு வரவும் நாங்க குலவை போடுறோம். குலவை அடங்குறவரைக்கும் மேளம் நிக்கணும், பாட்டு நிக்கணும். அதுதான் இங்கன வழக்கம். நீ பாட்டுக்கு அதுக்கு மேலயே பாடிக்கிட்டுப் போற. ஆத்தாளுக்குப் போட்ட குலவைய மிதிச்சுப்புட்டுப் போவலாமா?"

அத்தனை பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டிருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவர் காதிலும் விழவில்லை. ஐந்து பேரும் காதை அடைத்துக்கொண்டு அழகாகத் தாளம் தப்பாமல் வாசித்திருக்கிறோம்.

"மன்னிச்சுக்கங்கக்கா, எனக்குக் கேக்கல. காதுல இது இருக்கு" என்று காட்டினேன்.

"கேக்கலையா? அப்ப அந்தக் கருமத்தக் கழட்டி வச்சிட்டுப் பாடு!"

அவள் சொன்னது நியாயம்தான். ஒரு காதில் வைத்துக்கொண்டு மற்றதைத் திறந்துவிடலாம் என்று குமிழைத் தோளில் தொங்கவிட்டேன். அப்போது இடது காதுக்குள் ஜாகிரின் குரல் வந்தது. மிக்ஸரிலிருந்து எனக்கு மட்டும் பேசினார்.

"அக்கா, கழட்டாதீக. தொறந்த காதுல டிரம்மு நேரா அடிக்கும். இந்தக் காதுல சத்தத்தக் கூட்டச் சொல்லுவீக. ரெண்டும் போயிரும். எனக்கு அஞ்சு நிமிசம் குடுங்க, சனத்தையே உள்ள கொண்டாந்து தாரேன்."

சொல்லிவிட்டு ஓடிவந்தார். இரண்டு மைக்கை எடுத்தார், காற்று இரையாமல் இருக்க ஸ்பாஞ்சுக் குல்லாய் மாட்டினார், மேடையின் இரண்டு முனையிலும் சனத்தைப் பார்க்க நிறுத்தினார். பாஸ்கர் அண்ணன் அதுவரை ஏதோ ஜோக் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அவர் ஜோக்குக்கு யாரும் சிரித்தார்களா என்பதும் எங்களுக்குத் தெரியாது.

குமிழை மறுபடி மாட்டினேன். மெல்ல மெல்ல ஊர் உள்ளே வந்தது. முதலில் காற்று. பிறகு ஒரு குழந்தையின் அழுகை, அதை அதட்டும் தாய், "ஏலே, தள்ளி உக்காருலே" என்று யாரோ ஒருவர். சில்வண்டை மூடிக்கொண்டு மனிதச் சத்தம். நடந்ததை மைக்கில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அம்மன் பாட்டை முதலிலிருந்து எடுத்தோம்.

அம்மன் பெயர் வந்தது. இடப்பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது. ஒரு குரல், பத்து, பிறகு எண்ண முடியவில்லை. இரண்டு காதிலும் நிறைந்தது. வலிக்கவில்லை. நான் நின்றேன், பேடும் தபேலாவும் நின்றன, பாஸ்கர் அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். குலவை ஏறி, தளும்பி, தானாக அடங்கும்வரை ஐந்து பேரும் அப்படியே நின்றோம். அடுத்த வரியை எடுக்கையில் என் குரல் உடைந்தது. அதுவும் காதில் துல்லியமாகக் கேட்டது. வெட்கப்படவில்லை. அழுதேன், பாடினேன். அன்று ஒன்பது மணிவரை பாடினோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது பாக்கியம் அக்கா ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து வேனுக்குள் வைத்தாள். மதுரை போய்ச் சேரும்வரை வேன் மணத்தது. பின்சீட்டுக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

பையை வைத்தபடியே பாக்கியம் அக்கா, "இப்பக் காது கேக்குதாத்தா?" என்றாள்.

"நல்லாக் கேக்குதுக்கா."

"அப்ப அடுத்த வருசமும் வந்துரு."

வருகிறேன் என்றேன். அடுத்த வருடம் என்ற சொல்லை நான் நினைத்தே பல மாதம் ஆகியிருந்தது. ஜாகிருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மைக்கத் திருப்பி வச்சேன், அம்புட்டுத்தான்" என்றார்.

பத்து நாள் கழித்து மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு. ஏ.சி. மண்டபம். கடலும் இல்லை, குலவையும் இல்லை. தட்டும் கரண்டியுமாகச் சாப்பிடுகிற சத்தம்தான். மிக்ஸர் பார்த்த புதுப் பையன் எல்லோரும் கேட்பதுபோலக் கேட்டான்.

"மேடம், காதுல முதல்ல உங்க குரலைக் குடுத்துறவா?"

"வேண்டாம்ப்பா. ரெண்டு மைக்க உக்காந்திருக்கவங்க பக்கம் திருப்பி வை. முதல்ல அவங்களக் குடு" என்றேன்.