கேட்காமல் பரிமாறுகிறவள்

திருவையாற்றைச் சுற்றி எந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்தாலும் பந்தியில் ராஜாத்தி இருப்பாள். பரிமாற ஆள் சேர்த்து அழைத்துப் போவது அவள் தொழில். வயது நாற்பத்தாறு. குழுவில் யாராவது வாய்தவறி "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க அவர்களுக்குத் தண்ணீர் வாளி தூக்கும் வேலைதான்.

இலைமேல் கையை விரித்து "போதும்" என்று யாராவது மறைத்தால், மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று அவளே முடிவு கட்டிவிடுவாள். விரலிடுக்கு வழியாக ரசம் இறங்கும். சர்க்கரை நோய்க்காரர் ஒருவருக்கு இரண்டாவது ஜாங்கிரி வைத்துவிட்டு, கல்யாண வீட்டு இனிப்பு ஒன்றும் செய்யாது என்று மருத்துவமும் பார்த்திருக்கிறாள்.

அவளுடைய குழுவில் அனுராதா இருந்தாள். பி.காம். முடித்து வேலை தேடும் இடைவெளியில் வந்துகொண்டிருந்தவள். ஆவணி முகூர்த்தம் ஒன்றில் கடைசிப் பந்திக்கு அவளைக் காணோம். தேடிப் போனால், பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பளம் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனபோது சமையல் காண்ட்ராக்டர் சாமிதுரை கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டதை, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல உடம்பெல்லாம் கை வைத்ததை, வெளியே யாரோ தட்டியதும் விட்டதைத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

ராஜாத்தியின் வாயிலிருந்து முதலில் வந்தது ஆறுதல் அல்ல.

"போன வாரம் அவன் வண்டியில ஏறிப் போனியே, ஏன்டி?"

"வண்டியில ஏறுனது பஸ் ஸ்டாண்டு வரைக்கும்க்கா. அதுக்கு மட்டுந்தான் சரின்னேன்."

ராஜாத்திக்குச் சுருக்கென்றது. அப்படி ஆனால் உடனே ஈடுகட்டக் கிளம்பிவிடுவது அவள் சுபாவம். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாமிதுரையை மண்டபத்து நடுவில் நிறுத்திக் கேட்பது, அனுராதாவின் அம்மாவுக்குப் போன் போடுவது, குழுவையே கரண்டியைக் கீழே வைக்கச் சொல்வது என்று ஒரே மூச்சில் எல்லாம் தீர்மானமாயிற்று. போனில் அம்மாவின் எண்ணையும் எடுத்துவிட்டாள்.

அனுராதா அந்தப் போனைக் கையால் மூடினாள்.

"அவன்தான் என்னைக் கேக்கல. நீங்களும் கேக்காமலே செய்யறீங்களே."

ராஜாத்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகப் பந்தியில் எத்தனையோ கைகளைப் பார்த்தவள்தான். ஒன்றைக்கூட நம்பியதில்லை. பக்கத்தில் கவிழ்த்திருந்த அண்டாமேல் உட்கார்ந்தாள்.

"சரி, நீயே சொல்லு. இப்ப என்ன செய்யட்டும்?"

ராஜாத்தி காத்திருந்தாள். அவளுக்கு அது ஏகாதசி விரதத்தைவிடக் கடினம். கடைசியில், வீட்டுக்குப் போக வேண்டும், இப்போதைக்கு யாருக்கும் தெரியக் கூடாது என்றாள் அனுராதா. அப்படியே ஆயிற்று. சாமிதுரை சமைக்கும் கல்யாணம் எதற்கும் இனி ஆள் கிடையாது என்று ராஜாத்தி சொல்லிவிட்டாள், காரணம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வளைய வந்தவளைப் பார்த்துக் கலங்கிய அவள் புருஷன் தங்கையன், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவனிடமும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அனுராதாவே 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசினாள். தஞ்சாவூரில் உள்ள உதவி மையத்துக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு வர முடியுமா என்று ராஜாத்தியைக் கேட்டாள். பஸ்ஸில் போகும்போதே ராஜாத்தி பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

அங்கிருந்த ஆலோசகர் அனுராதாவிடம்தான் கேட்டார், "இவங்க உள்ள இருக்கலாமா? உங்க விருப்பம்."

அனுராதா யோசித்தாள். "வெளியில இருக்கட்டும்."

ராஜாத்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து, இந்தப் பெண்ணுக்காக வந்தோமா, துணைக்கு வந்தோம் என்று நாமே பெருமைப்பட்டுக்கொள்ள வந்தோமா என்று யோசித்தாள். உள்ளே விட்டிருந்தால் நடந்ததை முழுக்கத் தானே சொல்லி முடித்திருப்பாள் என்பது அவளுக்கே தெரிந்தது.

அனுராதா வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. வண்டியில் ஏறியதோ, சத்தம் போட முடியாமல் போனதோ, எதுவும் அவள் தப்பில்லை என்றார்களாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யலாமாம்.

"குடுக்கப் போறேன்க்கா. நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறப்ப நீங்க என்கூட உள்ள வரணும்."

"வந்து பேசணுமா, சும்மா உக்காந்திருக்கணுமா?"

"சும்மா உக்காந்தா போதும்."

ராஜாத்தி தலையாட்டினாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு மெதுவாகக் கேட்டாள், "ரொம்ப நேரம் ஆகுமாடி?"