கட்டிலிலிருந்து வாசல் வரை

சேரன்மகாதேவி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் என் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும், வாக்கரைப் பிடித்துத் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். மறுபடி விழுந்துவிடுவாரோ என்று பயந்து நான் நடக்கவே விடவில்லை. காப்பி, சாப்பாடு, பேப்பர் எல்லாம் கட்டிலுக்கே போயின. மூன்று மாதத்தில் கால்கள் குச்சியாகிவிட்டன. நன்றாகக் கவனிக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் காலை பால்காரி இசக்கியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "சாரே வந்து வாங்கட்டும்க்கா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நடக்க முடியாதவங்ககிட்ட என்ன வெளையாட்டு இது?"

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே இடுப்புதான் ஒடிஞ்சுது. நானும் இப்படித்தான் தாங்குனேன். படுத்தவரு எந்திரிக்கவே இல்லக்கா."

உள்ளே போய், பால் தூக்குவாளியை என் கணவருடைய வாக்கரில் மாட்டினேன். இருபதடி தூரத்தை அவர் கால் மணி நேரம் நடந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"பைய வாங்க சார், நான் நிக்கேன்" என்றாள். மற்ற வீடுகள் காத்திருக்க, அன்றுமுதல் தினமும் நின்றாள்.

இரண்டு வருடமாகிறது. கைத்தடியோடு ஆற்றங்கரை வரை போய்வருகிறார். வாசலில் அவள் குரல் கேட்டு அவர் எழும்போது, ஓடிப்போய்த் தாங்க இன்றும் கை பரபரக்கிறது. அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.