தேய்ந்த பாதம்

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் நான் வேலை பார்த்த பழம்பொருள் கடைக்கு ஒரு மலையாள மீன்காரம்மா வருவார். கூடையை வாசலில் வைத்து, முந்தானையில் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டு, மாதா படத்தின் முன் நிற்பார். அந்த மீன்காரர்களுடைய பழைய தேவாலயத்தை இடித்தபோது முதலாளி வாங்கிவந்த மரப்பலகை ஓவியம் அது. முதலில் முகர்ந்து பார்ப்பார்.

“குந்திரிக்கப் புகை மணம் போயி. வார்னிஷ்தான் நாறுது.”

ஒருநாள் பாதத்தில் முத்தமிடக் குனிந்தார். முதலாளி கத்தினார்.

“தொடாதம்மா! மீன் நாத்தம் ஒட்டிக்கும், பெயிண்ட் வேற தேஞ்சுபோகும்!”

“தேய்ச்சதே நாங்கதானே சேட்டா, முத்தி முத்தி.”

அதன்பிறகு அவர் வரவில்லை. அடுத்த வாரம் சென்னையிலிருந்து வந்த ஒரு பணக்காரரிடம் முதலாளி அந்தப் பாதத்தைக் காட்டித்தான் விலையை ஏற்றினார்.

“தொட்டுப் பாருங்க சார். எல்லாம் ஜனங்க முத்தம் கொடுத்தே தேஞ்சது.”